தாய்மார் அறையில் மாட்டிய படம்

கிருபா தனக்கென்று வாயைத் திறந்து ஒன்று கேட்டது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு தடவைதான். அதைக்கூட அவள் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை. பாதியிலேயே நான் புகுந்து கத்திவிட்டேன். என் சுபாவம் அப்படி. உதயா வந்தால் பின்னாலேயே சண்டையும் வரும் என்று எங்கள் கம்பெனியில் பேச்சு. பேசட்டும், எனக்கென்ன.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையில் இருக்கிறது கம்பெனி. வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகள் தைக்கிறோம். கிருபா காலர் வைப்பாள். தைத்து வந்ததை மேசையில் விரித்துப் போட்டுக் குறை பார்ப்பது என் வேலை. அவள் மெஷினும் என் மேசையும் எதிரெதிரே. வேனிலும் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு.

கிருபா பிறந்தது பள்ளிப்பட்டு பக்கம். அவளுடைய நைனா தறி ஓட்டுகிறவர். சைமனைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தாள். சைமனுக்கு அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் ஏற்றி இறக்குகிற வேலை. பல தலைமுறையாக வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்காரர்கள் வரிசையில் முன்னால் நிற்பாள். மற்ற நாளில் மெஷின்தான் அவளுக்கு சர்ச்சு. கை காலரைத் திருப்பிக்கொண்டிருக்கும், வாய் பாடிக்கொண்டிருக்கும். “இன்னாமா, இங்க ஆராதனை நடக்குதா?” என்று சூப்பர்வைசர் அசோக்குமார் கிண்டல் செய்வான். சிரிப்பாளே தவிர, பாட்டை நிறுத்த மாட்டாள்.

முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாவதுதான் ப்ளெஸ்ஸி. அவளும் மாதம் நிறைவதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டாள். பார்க்கப் போனபோது கையில் வாங்கவே எனக்குப் பயமாக இருந்தது, அத்தனை சின்னது. பவுடர் பால் கரைத்துக் கொடுத்தால் வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இந்தக் கொழந்தைக்கு உன் பால்தாம்மா மருந்து. ஒரு வயசு வரைக்கும் எப்படியாவது விடாம குடு.” கிருபாவுக்கு அது வேத வாக்கு மாதிரி. என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், எனக்கே மனப்பாடம்.

ஆனால் லீவு என்று ஒன்று இருக்கிறதே. பிரசவத்துக்கு முன்பே படுக்கையில் கிடந்ததில் அது பாதி கரைந்துபோயிருந்தது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த சமயத்தில் இவள் திரும்ப வேன் ஏறினாள். ஏறாவிட்டால் அந்த மெஷினில் மறுநாளே வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் பாத்ரூமுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கதவுக்குள் யாரோ விசும்புகிற சத்தம். கதவைத் தட்டினேன். கிருபாதான் திறந்தாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, அந்த நாற்றத்தில், பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டுக்கொண்டிருந்தாள்.

“மார் கனக்குதுக்கா. தாங்க முடியல. இங்க எடுத்ததப் புள்ளைக்குக் குடுக்க முடியுங்களா? அதான் கீய ஊத்துறேன். அங்க அது பாலுக்கு அழுதுகினு இருக்கும், இங்க நான் சாக்கடையில ஊத்திகினு இருக்கேன்” என்றாள்.

அப்படியே கையைப் பிடித்து ஆபீஸ் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆட்களுடைய குறைகளைக் கேட்பதற்கென்றே அங்கே தீனதயாளன் என்று ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷன், பக்திமான், நெற்றியில் பட்டை இல்லாமல் பார்க்க முடியாது. எழுந்து நின்று ஒரு வேலையைச் செய்யச் சொன்னால்தான் கஷ்டம்.

“சார்... வந்து... எனக்கு ஒரு எடம்...” என்று ஆரம்பித்த கிருபாவுக்கு அதற்கு மேல் நாக்கு எழவில்லை. ஆம்பளை முன்னால் பால் என்கிற வார்த்தை வரவில்லை அவளுக்கு.

“மாட்டுக்குப் பால் கறக்கவே ஒரு கொட்டா போடுறோம் சார்! இவ கக்கூஸ்ல நின்னுகினு பீச்சுறா. கேக்க நல்லா இருக்குதா உங்களுக்கு?” என்று நான் போட்ட சத்தத்தில் வாசல் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தான்.

என் சத்தத்துக்காகவா கொடுத்தார்கள்? சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்வையிட வருவதாக இருந்தது, அதனால் கொடுத்தார்கள். நூல்கண்டு போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, இரண்டு நாற்காலி, ஒரு திரை, உள்தாழ்ப்பாள், மூலையில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ். கதவில் ‘தாய்மார்கள் அறை’ என்று போர்டு. வந்தவர்கள் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அறை எங்களுக்கென்று தங்கிவிட்டது.

அந்த ஆடி மாதம் வரைக்கும் கிருபாவைப் பார்க்கவே நன்றாக இருந்தது. டீ டயத்தில் உள்ளே போவாள். மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பாவில் பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைப்பாள். சாயங்காலம் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் அந்த டப்பாவை வைத்து மடியில் அணைத்துக்கொண்டு வேனில் வருவாள். யாராவது இடித்துவிட்டால் போதும், “ஏய், ப்ளெஸ்ஸி சாப்பாடுடி!” என்று ஒரு அதட்டல். அவள் அதட்டி நான் பார்த்தது அதற்கு மட்டும்தான். குழந்தைக்குக் கன்னம் வைத்தது. ஷாலினி என்று இன்னொரு பெண்ணும் பச்சை உடம்போடு வேலைக்கு வந்திருந்தாள். அவளுக்கும் அந்த அறைதான் கதி.

இதற்கெல்லாம் மற்றவர்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் பூவம்மாள். எங்கள் கம்பெனியில் கூட்டித் துடைக்கிற அம்மாள். அந்த அறையை அவள் துடைக்கிற அழகே தனி. தன் பிள்ளைகளைப் பெற்றபோது கரும்புத் தோட்டத்து வரப்பில் பாலைப் பீய்ச்சிவிட்டு வெட்டப் போனவள். “நாங்க பட்டது போதும்டி, நீங்களாவது குந்திகினு எடுங்க” என்பாள்.

ஆடிக் கிருத்திகைக்கு இங்கே ஊர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலை மொத்தமும் மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக இருக்கும். கம்பெனியில் பாதிப் பேர் லீவு. பூவம்மாள் வருஷா வருஷம் காவடி எடுக்கிறவள். இந்த வருஷம் மொட்டையடித்து, சந்தனம் பூசி, கையில் கண்ணாடி போட்ட ஒரு முருகன் படத்தோடு வந்தாள். வள்ளி தெய்வானையோடு நிற்கிற கோலம். “இந்த ரூம அவரு குடுத்தாரு. அவரு இங்கதான் இருக்கணும்” என்று சொல்லி, தாய்மார் அறையில் நாற்காலிக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டிவிட்டாள்.

எல்லோரும் கும்பிட்டோம். கற்பூரம் காட்டினாள். கிருபாவும் ஓரமாகத் தலை குனிந்து நின்றாள். கொடுத்த பொங்கலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு யாருக்கும் ஒரு தப்பும் தோன்றவில்லை.

படம் வந்தால் பூ வராமல் இருக்குமா? தினமும் ஒரு முழம் மல்லி வந்தது. பிறகு விளக்கு வந்தது. விளக்கு எரிகிற இடத்தில் செருப்போடு நடக்கலாமா? செருப்பு வெளியே போனது. வீட்டுக்குத் தூரமானவர்கள் வாசலோடு நின்றார்கள். லோடு ஏற்றுகிற அன்றைக்கு தீனதயாளன் ஊதுபத்தியோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். அவர் வந்தால் பின்னால் பேக்கிங் ஆம்பளைகளும் வருவார்கள். பெண்கள் மார்பைத் திறந்து உட்காருகிற அறை என்று வைத்துவிட்டு, அதில் ஆம்பளை வரிசை! வாசலில் கட்டின மாவிலைத் தோரணத்தில் கதவுப் போர்டு பாதி மறைந்துபோனது.

ஷாலினிதான் முதலில் நழுவினாள். “சாமி நேரா பாத்துகினு இருக்காருக்கா. மார தொறந்துகினு எப்படிக் குந்துறது? கூசுது” என்றாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நாள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். “சாமிக்கு முதுகு காட்டிகினு குந்துறதும் பாவம்தானக்கா” என்று அதையும் விட்டாள். முகத்தையும் காட்டக் கூடாது, முதுகையும் காட்டக் கூடாது. வேறு எங்கே போவாள் அவள்? பால் வற்றட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான், பவுடர் பாலும் ஒத்துக்கொண்டது. பிழைத்தாள்.

கிருபாவை யாரும் போகாதே என்று சொல்லவில்லை. பூவம்மாளே ஒரு நாள் அருமையாகத்தான் சொன்னாள்: “கண்ணு, செவ்வாக்கெழம மட்டும் வேணாம்மா.” அடுத்தது வெள்ளிக்கிழமை. அப்புறம் கிருத்திகை, சஷ்டி. மற்ற நாளில் போனால் உள்ளே யாராவது கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஃபிரிட்ஜில் பூ வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பால் டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். சாயங்காலம் திறந்து பார்த்தபோது புளித்துப்போயிருந்தது. கிருபா அதைக் கம்பெனி வாசல் வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வேன் ஏறினாள்.

மறுநாள் அவளைப் பழையபடி பாத்ரூம் வாசலில் பார்த்தேன்.

“போதும்டி. இன்னைக்கு அந்தப் படத்த நானே கயட்டுறேன்” என்று கிளம்பினேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, வேணாங்க. நீங்க கயட்டுனாலும் என் பேர்தான் வரும். வேதக்காரி சொல்லி சாமி படத்த எடுத்துட்டாங்கன்னு பேசுவாங்க. பூவம்மா பெரிம்மா ஆசையா மாட்டுனது. நாளைக்கு ஊர்ல எங்க தெருப் பசங்களுக்கும் உங்க பசங்களுக்கும் ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன். இத்தன வருசம் ஒண்ணா இருக்கோம். நீங்க எனக்கு வாக்கு குடுங்க.”

“உன் புள்ள?”

“கர்த்தர் பாத்துக்குவாரு.”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னதில் உண்மை இருந்ததே. இந்தக் காலத்தில் ஒரு போன் போதும், இல்லாததும் பொல்லாததுமாக ஊரைச் சுற்றி வந்துவிடும். வாயைக் கட்டிக்கொண்டேன். உதயாவுக்கு வாயைக் கட்டுவது எத்தனை கஷ்டம் என்று என் வீட்டில் கேளுங்கள்.

தீனதயாளனிடம் மட்டும், பெயர் சொல்லாமல், ஆம்பளைகள் உள்ளே வருவதையாவது நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். “சாமி கும்பிட வர்றவங்கள எப்படிம்மா தடுக்கிறது?” என்றார். அந்த அறை எதற்காக வந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

புரட்டாசியில் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. பாத்ரூமுக்குப் போனால்கூட அசோக்குமார் வாட்சைப் பார்த்தான். கிருபா பால் எடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்தாள். ஒரு கட்டத்தில் அவள் பாட்டு நின்றிருந்ததைக் கவனித்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. “பால் கட்டிக்கிச்சா?” என்றேன். “ஆங், கொஞ்சம்தான்” என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலரைத் திருப்பிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். எதற்கோ என் பக்கம் கையை நீட்டினாள். அப்படியே சரிந்தாள். நானும் ஷாலினியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினோம். பக்கத்தில் இருந்தது தாய்மார் அறைக் கதவுதான். காலால் தள்ளித் திறந்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூவம்மாள் படத்துக்குப் பூச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அடியே, செருப்பு! செருப்பு!” என்று பதறினாள்.

“செருப்பாம் செருப்பு! இங்க வந்து பாரு முதல்ல!” என்று கத்தினேன்.

நாற்காலியில் சாய்த்து ஜாக்கெட்டைத் தளர்த்தினோம். ஒரு பக்கம் சிவந்து, பளபளவென்று வீங்கி, கல்லாக இருந்தது. பூவம்மாள் வந்து கையை வைத்தாள். அந்த இடத்தைத் தொட்டதுமே கிருபா போட்ட அலறலில் மெஷின்களெல்லாம் நின்றுவிட்டன. பூவம்மாள் முகம் வெளுத்துப்போனது. பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? சாமிக்குப் போர்த்தியிருந்த மஞ்சள் துணியை உருவினாள். கேண்டீனிலிருந்து வந்த வெந்நீரில் முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள். கொஞ்சம்போல் பால் வந்தது, சீழும் ரத்தமும் கலந்து. அவள் மடியிலும் தரையிலும் விழுந்தது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“எத்தினி நாளாடி?” என்று கேட்டாள்.

நான்தான் சொன்னேன். “நீ செவ்வாக்கெழம வேணாம்னு சொன்னதுலருந்து.” வாக்காவது ஒன்றாவது, அந்த நேரத்தில் எனக்கு அடக்க முடியவில்லை.

பூவம்மாள் படத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அரைகுறையாக முடி முளைத்த தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“ஆறு தாயிங்க மார்ல குடிச்சு வளந்தவன்டா நீ! அந்தக் கார்த்திகப் பொண்ணுங்களுக்குத்தானடா நான் காவடி எடுத்துகினு மல ஏறுனேன். உன்ன இங்க கொண்டாந்து வெச்சு, பால் குடுக்கிறவள கக்கூஸுக்குத் தொரத்திட்டனே... எனக்கு ஏன்டா புத்தி வரல?”

வாசலில் ஊதுபத்தியோடு வந்து நின்ற தீனதயாளன், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். இன்னொரு பக்கம் குழந்தைக்குக் கொடுக்கலாம், கொடுத்தால்தான் நல்லது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். யார் காதில் ஏறியது? கெட்ட பால் இந்தப் பக்கமும் இறங்கியிருக்கும் என்று மாமியாருக்குப் பயம். மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தவளுக்கு மாமியார் இரண்டு பக்கமும் கட்டிவிட்டாள். பார்க்கப் போனபோது அறை முழுக்க மல்லி வாசனை. “இன்னா வேல பண்ணி வெச்சிருக்கீங்க!” என்று நான் கத்தினதில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்துவிட்டார்கள். கத்தி என்ன ஆகப்போகிறது. ப்ளெஸ்ஸிக்கு மறுபடியும் பவுடர் பால், மறுபடியும் பேதி. வைத்த கன்னம் போய்விட்டது. அதே ஆஸ்பத்திரியில் தாய் ஒரு கட்டிலில், பிள்ளை ஒரு கட்டிலில்.

பூவம்மாள் படத்தைத் தானே கழற்றி, வாசல் செக்யூரிட்டி அறைக்கு மேலே மாட்டிவிட்டாள். “சாமிய எடம் மாத்துனா கம்பெனிக்கு ஆவாதுமா” என்று தீனதயாளன் இழுத்தார். “வர பாவம் எனக்கு வரட்டும் சார்” என்று ஒரே பேச்சு. தோரணத்தை அறுத்தாள். விளக்குக் கரியைச் சுரண்டினாள். ஃபிரிட்ஜைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கிருபா பெயரை யாரும் இழுக்கவில்லை. அவள் பயந்தபடி ஊரில் ஒரு பேச்சும் வரவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பாள் இந்தப் பூவம்மாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு ஆறவில்லை.

கிருபா தேறி, பிள்ளையோடு வீடு திரும்பி, மறுபடி வேன் ஏறிய அன்றைக்கு அவள் மடியில் அந்த டப்பா இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பால் வருதாடி?” என்றேன்.

இல்லை என்று தலையசைத்தாள்.

“அப்புறம் இத எதுக்கு எடுத்துகினு வர?”

“பெரிம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்கக்கா. என் கால புடிச்சுகினு அழுதாங்க. நான் ரூம சுத்தமா வெச்சிருக்கேன், நீ வந்து குந்தி எடு கண்ணுன்னு சொன்னாங்க. நின்னுபோச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

டீ டயம் வந்தது. பூவம்மாள் அறை வாசலில் தயாராக நின்றிருந்தாள். கதவைத் திறந்துவிட்டாள். கிருபா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். துடைப்பக் கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பூவம்மாள் வாசலில் காவல். அந்தப் பக்கமாக வந்த அசோக்குமாரை, “போடா அந்தாண்ட, புள்ளைங்க பால் எடுக்கிற எடத்துல உனக்கு இன்னா வேல?” என்று விரட்டினாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மேசையில் சட்டையை விரித்துவிட்டு நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கிருபா மூடின டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

“வந்துச்சா கண்ணு?” என்றாள் பூவம்மாள்.

“ஆங், வந்துச்சு பெரிம்மா. நல்லா வந்துச்சு.”

“முருகா!” என்று பூவம்மாள், படம் மாட்டியிருந்த கம்பெனி வாசல் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. டப்பாவை வெள்ளைத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறாள். சாயங்காலம் ஐஸ் கட்டிகளோடு எடுத்துக்கொண்டு வேனில் என் பக்கத்தில் உட்காருகிறாள். யாராவது இடித்தால் இப்போது அவள் அதட்டுவதில்லை.